டீச்சரின் கால்மேல் நான் போட்ட பழி

ஜெசிந்தா டீச்சரின் கணவர் இன்று கைத்தடி ஊன்றி நடப்பதற்கு நான்தான் காரணம். டீச்சர் காரணமல்ல. ஆனால், தன்னால்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படி நம்பவைத்தவனும் நானே.

ஆறு வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்ல முடிவதற்குக் காரணம் உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதுதான். இதுவும் ஒரு கோழைத்தனம்தானே?

நான் கார் மெக்கானிக். காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் போகும் சாலையில் தகரக்கூரை வேய்ந்த பட்டறை என்னுடையது. டீச்சர் அடுத்த தெருவில் இருப்பவர், அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். அவருடைய அப்பா காலமானபோது அவரது பழைய கார் டீச்சரிடம் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டார். கணவர் அருள் கரண்ட் கம்பம் ஏறும் லைன்மேன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "எங்க வூட்ல நான்தான்பா பாசஞ்சரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு இடதுபக்கம் ஏறி உட்காருவார்.

அந்தக் காருக்கு நான் கியர் ஆயில் மாற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து டீச்சர் திரும்ப வந்தார்.

"அண்ணா, ரெண்டுலேர்ந்து மூணு போட்டா கரகரன்னு கத்துது. முந்தாநாள்லேர்ந்து எல்லா கியருமே கத்துது."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தத் தொடங்கினார். நான் வண்டியில் ஏறினேன்.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டேன். சுலபமாக விழுந்தன. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டேன். சத்தமில்லை. கிளட்ச் சரியாக விடவில்லையென்றால் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான். ஆக, கோளாறு கிளட்ச்சில் இல்லை. சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினேன். அரைபடும் சத்தத்தோடு ஓர் ஊளையும் எழுந்தது. வேகம் கூடக்கூட ஊளையும் கூடியது. கியர் பெட்டிக்குள்ளே பேரிங் தேய்கிற சத்தம் அது. டீச்சர் எப்படி மிதித்தார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆயிற்று.

ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் படுத்தேன். கியர் பெட்டியின் அடிப்பாகம் முழுக்க எண்ணெய் ஈரம். பழைய எண்ணெயை வடிக்கும் அடி நட்டைத் தொட்டேன்... விரலாலேயே சுற்றியது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த நட்டைக் கையால் பூட்டிவிட்டு, ஸ்பேனர் போட்டு இறுக்க மறந்திருக்கிறேன். யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனேன், அவ்வளவுதான் நினைவு. எண்ணெய் ஊற்றும் மேல் நட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். காய்ந்து கிடந்தது. அடி நட்டையும் கழற்றியதும், தங்கியிருந்த மிச்ச எண்ணெய் கறுப்பாக வடிந்தது. அதில் சரிகைத் தூள் மாதிரி பித்தளை மின்னியது. பல்சக்கரங்களைச் சேர்த்துவைக்கும் வளையங்கள் அரைபட்டுத் தூளாகியிருந்தன.

அந்த நிமிடம் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெளியே வந்து, "டீச்சர், தப்பு என்னுது, வண்டிய எடுக்காதீங்க, பெட்டியப் பிரிக்கணும்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால், காரின் அடியில் படுத்திருந்த எனக்கு வேறொரு குரல் கேட்டது. அதற்கு முந்தின வருடம் ஒரு பட்டுக்கடைக்காரர், அவர் வண்டியின் பிரேக்கை நான் சரியாகப் பூட்டவில்லை என்று நடுத்தெருவில் நின்று கத்தியிருந்தார். "கத்துக்குட்டி கையில வண்டியக் குடுக்காதீங்கபா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். ஆறு மாதம் அந்தத் தெருவிலிருந்து ஒரு வண்டி வரவில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால்... பக்கத்தில் யாரும் இல்லை. டீச்சரின் செருப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

நட்டை இறுக்கினேன். புது எண்ணெய் ஊற்றினேன். ஈரம் தெரியாமல் துடைத்தேன். வெளியே வந்து சொன்னேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க கிளட்ச்ச முழுசா மிதிக்காம கியர் போடறீங்க. பாதி மிதியில போட்டா கத்தத்தான் செய்யும்."

அவர் வெட்கப்பட்டார். "அப்படியாண்ணா? எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தவரும் இதையேதான் சொல்லிக்கினு இருப்பாரு" என்றார்.

புது எண்ணெயில் சத்தம் குறைந்தது. இரண்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு நாளும், இனி ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கார் என் பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஊளை இருந்தது. மெல்லியதாக, ஆனால் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோவிலில் பூசை முடிந்து இருவரும் தென்னேரியில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போனார்கள். ஏரிக்கரைச் சாலையில் கியர் பெட்டி இறுகி, முன்சக்கரங்கள் இரண்டும் ஓட்டத்திலேயே நின்றுவிட்டன. கார் சறுக்கித் திரும்பி, இடதுபக்கம் புளியமரத்தில் மோதியது. அருள் உட்கார்ந்திருந்த பக்கம்.

வண்டியை எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். தார்ச்சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் கிடந்தன. சக்கரம் உருளாமல் இழுபட்ட கோடுகள். கூட்டம் அதைத் தாண்டித் தாண்டி நடந்தது. அங்கே இருந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெற்றியில் கட்டோடு டீச்சர் வராந்தாவில் நின்றார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அப்பவே சொன்னீங்கண்ணா. நான்தான் கேக்கல. நாலுலேர்ந்து மூணு போட்டேன், கடக்னு ஒரு சத்தம்... அப்படியே நின்னுடுச்சு. அவரு இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சுண்ணா. இனிமே கம்பம் ஏற முடியாதாம்."

வாயைத் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சத்தியம் செய்கிறேன். ஆனால் வந்தது வேறு.

"அழுவாதீங்க டீச்சர்."

பிறகு செய்தது அதைவிட மோசம். பட்டறைக் கதவை மூடிக்கொண்டு பெட்டியைப் பிரித்தேன். பேரிங் நொறுங்கி, அதன் குண்டுகள் பற்களுக்கிடையே சிக்கியிருந்தன. வேறு எந்த மெக்கானிக் பார்த்தாலும் இது எண்ணெய் இல்லாமல் ஓடிய வண்டி என்று சொல்லிவிடுவான். "அந்த வண்டியப் பாத்துக்கினே இருந்தா மனசு கஷ்டம்தான் டீச்சர், காயலாங்கடைக்குப் போட்டுடலாம்" என்றேன். சரி என்றார். அந்த வாரமே அது துண்டு துண்டானது. உதவி செய்ததற்காக எனக்கு நன்றியும் சொன்னார்.

டீச்சர் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்னால் உட்காரமாட்டார். அருள் இப்போது ஆபீஸில் உட்கார்ந்து, கரண்ட் போய்விட்டதென்று வரும் போன்களை எடுக்கிறார். நான் எந்த வண்டியின் நட்டையும் மூன்று முறை இறுக்கிப் பார்க்கிறேன். அதனால் யாருக்கு என்ன பயன்?

போன மாதம் அவர்கள் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள், போனேன். மகள் நிவேதா ஏனாத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று வீட்டில் சண்டை. டீச்சர் எனக்கு டீ கொடுத்துவிட்டு, "நீங்களே இவளுக்குச் சொல்லுங்கண்ணா, கிளட்ச்ச சரியா மிதிக்கலன்னா என்ன ஆவும்னு" என்றார்.

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தாள்.

"அங்கிள், கிளட்ச் சரியா மிதிக்கலன்னா கியர் பல்லுதானே தேயும்? ஓடிக்கினு இருக்கிற வண்டில பெட்டி எப்படி லாக் ஆகும்? ஆயில் இல்லன்னாதானே ஆகும்?"

"பழைய வண்டிம்மா..." என்றேன்.

"பழசுன்னா? சரி, எங்க காலேஜ் சார்கிட்ட கேக்கறேன்."

டீச்சர் அவளை அதட்டினார். "எந்த சாரையும் கேக்க வேணாம். அண்ணன் சொன்னத நான் கேக்கல, அதான் நடந்துச்சு. அவரையே கேள்வி கேப்பியா நீ?" சொல்லும்போது அவர் கை, கிளட்ச் மிதித்த இடது காலின் முழங்காலை இறுகப் பிடித்திருந்தது.

அருள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா சொல்றதுதாம்மா சரி" என்றேன் நான். ஆறு வருடம் கழித்து, இரண்டாவது முறையாக, அதே பொய்.

நிவேதாவின் காலேஜ் பஸ் தினமும் மாலையில் என் பட்டறை வாசலில்தான் திரும்புகிறது. அது நிற்காமல் போகும்வரை கையிலிருக்கும் ஸ்பேனரை என்னால் அசைக்க முடிவதில்லை.