லிஃப்டை நிறுத்தியவர் என்று பழி சுமந்த அருள்ராஜ் சார்

ஊரெல்லாம் கடைப் பலகைகளைக் கன்னடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த வருஷம்தான் அருள்ராஜ் சாரை வேலையை விட்டு அனுப்பினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனிலிருந்து அவர் மனைவி போன் செய்தார்: “முனுசாமி அண்ணா, அவர் போயிட்டாருண்ணா.” அடக்கத்துக்கு ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை. அதனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள்.

லிஃப்டை ஓட்டும் புரோகிராம் எழுதும் கம்பெனியில் நான் வேன் டிரைவர், அருள்ராஜ் சார் புரோகிராம் எழுதுபவர். அந்த வருஷம் லிஃப்டுக்குள் தெரியும் அறிவிப்புகளைக் கன்னடத்தில் போட்டதும் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றது. எழுதின புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றும் கம்பைலரில் ஒரு காவல் உண்டாம்; ஏதாவது தனக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்தால் அது லிஃப்டை உடனே நிறுத்திவிடுமாம். அதை இயக்கி வைத்தவர் அருள்ராஜ் சார்.

“அத ஆஃப் பண்ணுங்க அருள், லிஃப்ட் ஓடும்,” என்றார் மேனேஜர் கோபிநாத்.

பக்கத்தில் இருந்த மெக்கானிக் ரஹீம் பாய் சிரித்தார். “நான் அலாரம் வயரப் புடுங்கிட்டு ரிப்பேர் முடிஞ்சுதுன்னா பில் பாஸ் பண்ணுவீங்களா சார்?”

அருள்ராஜ் சார் சிரிக்கவில்லை. “நிக்கிற லிஃப்ட் திட்டு வாங்கும், அவ்வளவுதான். தப்பான எடத்துல கதவு தொறந்தா ஆள் போயிடும்.”

சில நாள் கழித்து, கோபிநாத்தும் ரஹீம் பாயும் கூட வர, அந்தக் கட்டடத்துக்குப் போகிற வழியில் வேனிலேயே அருள்ராஜ் சார் கோளாறைக் கண்டுபிடித்தார். அறிவிப்புக்கு ஒதுக்கிய இடம் இங்கிலீஷ் எழுத்துக்கு அளந்தது. கன்னட எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று பங்கு இடம் வேண்டும். அது வழிந்துபோய், அந்த இடத்தின் ஓரத்தில் காவலுக்கு வைத்த எண்ணை அழித்திருக்கிறது; எண் மாறியதைப் பார்த்துத்தான் காவல் லிஃப்டை நிறுத்தியிருக்கிறது.

பிறகு கோபிநாத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இது நீங்க எழுதினதுதான் சார். மீட்டிங்ல சொல்லல. சரி பண்ணிடலாம்.”

“தேங்க்ஸ் அருள்,” என்றார் கோபிநாத். வேனில் இருந்த எனக்கும் ரஹீம் பாய்க்கும் அது காதில் விழுந்தது.

மீட்டிங்கில் கோபிநாத் சொன்னது வேறு: அருள்ராஜ் கேட்காமல் காவலை இயக்கியதால்தான் லிஃப்ட் நின்றதாம், தான் கோளாறைத் தேடிச் சரிசெய்தாராம். அதோடு அருள்ராஜ் சாரை அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அவர் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் பழைய ஆபீஸில் விசாரித்தார்கள். லிஃப்டை நிறுத்தியவர் என்றே பதில் போயிற்று.

“நீங்களாவது உண்மையச் சொல்லியிருக்கலாமே சார்,” என்று அருள்ராஜ் சாரிடம் ஒருமுறை கேட்டேன்.

“கோபிநாத் சாரு புள்ளைங்க படிக்குதுண்ணா,” என்றார். அருள்ராஜ் சாரின் பிள்ளைகளும்தான் படித்தார்கள்.

அந்தப் பதிலை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். ரஹீம் பாயும் போய்விட்டார். டிரைவர் பேச்சை ஆபீஸில் யார் எடுத்துக்கொள்வார்கள்? அன்று வேனில் இருந்தவர்களில் அவர்கள் நம்பக்கூடிய ஆளாக உயிரோடு மீதி இருப்பவர் ஒருவர்தான்: கோபிநாத்.