கேட்டாச்சு என்று சொல்லாத பெட்டி

ஆபத்துப் பெட்டியைச் செய்த, பெயர் தெரியாத ஐயா, அதற்கு வாயை வைத்துவிட்டுக் காதை வைக்காமல் கடலுக்கு அனுப்பியது நீங்கள்தான்.

விசைப்படகுக்கு ஜி.பி.எஸ்., ஒயர்லெஸ் விற்கிற எங்கள் தொழிலில், விற்பது என்னவோ மெஷின். வாங்குகிறவன் கேட்பது உயிருக்கு உத்தரவாதம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் டார்ச் லைட் பேட்டரி கூவி விற்று, அடிபட்டு மிதிபட்டுக் கடை போட்டவன் நான். கடல் வழியாக வந்து சுட்ட மும்பை சம்பவத்துக்குப் பிறகு கரையெல்லாம் கெடுபிடி. எந்தப் படகு எல்லை தாண்டுகிறது என்று சேட்டிலைட்டில் பார்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. கூடவே கைக்கு அடக்கமாக ஒரு ஆபத்துப் பெட்டியும் வந்தது. பொத்தானை அமுக்கினால் சேட்டிலைட் வழியாகக் கரைக்குத் தகவல் போய்விடும். அதைப் படகுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி, அவனும் கடலுக்குப் போகிறவன்தான். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வாய் வலிக்கப் பேசுகிற அண்ணன்மார்களே, என் பயம் உங்களுக்குப் புரியும்.

சாக்குக்குள் சேட்டிலைட்

தேவனாம்பட்டினத்துப் படகு டிரைவர் ஒருவர் பெட்டியை ஈரச் சாக்கில் சுற்றி, ஐஸுக்கு அடியில் திணித்து வைத்திருந்தார். மீன் தெற்கே போனால் அவரும் தெற்கே போவார். பெட்டி காட்டிக்கொடுத்துவிடுமோ, அந்தப் பக்கத்து இலங்கை நேவி வந்து நிற்குமோ என்று பயம். அமுக்கினால்தான் பேசும், இல்லாவிட்டால் அது வெறும் டப்பா என்று கத்தினேன். அவர் பெட்டிக்குக் கேட்காத தூரத்துக்கு என்னை இழுத்துப்போய்க் கேட்டார்:

"அமுக்கினாத்தான் பேசும், சரி. அமுக்காதப்ப கேட்டுக்கிட்டு இருக்கும்ல?"

பீரோவில் இருந்த படகு

காற்று ஏறிய ஒரு நாள், கடலோரக் காவல்படைக் கண்காணிப்பு அறையிலிருந்து போன். சிதம்பரத்துக்குக் கிழக்கே முடசலோடைப் படகு ஒன்று ஆபத்துச் சொல்கிறது, ஆனால் ஊருக்குள்ளே தரையில் நிற்பதாகக் காட்டுகிறது, என்னய்யா சொல்லிக்கொடுத்தே என்று திட்டு. பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். அரசாங்கத்துப் பொருள், உப்புத் தண்ணி பட்டால் கெட்டுவிடும் என்று புருஷன் பெட்டியைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆள் திரும்பவில்லை என்றதும் பெண்டாட்டி எடுத்து அமுக்கிவிட்டாள். வாசலில் பெட்டியை மடியில் வைத்து, பொத்தான்மேல் இருந்து கட்டைவிரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தும்போதே ஏச ஆரம்பித்தேன். அவன் மறுநாள் வந்து சேர்ந்துவிட்டான், அது வேறு. அன்றைக்கு, நான் ஏசி முடித்ததும் அவள் சொன்னாள்:

"பொட்டி இங்க இருந்தா என்னண்ணே, அவரு பேருலதான இருக்கு? அவரத் தேடச் சொல்லுங்க."

சிவப்பு விளக்கு

அதற்குப் பிறகு பெட்டி இல்லாமல் யாரையும் போகவிடவில்லை. மச்சான் படகில் நானே கட்டினேன். அந்த வருஷமே பரங்கிப்பேட்டைக்கு நேரே எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறியது. அவன் அமுக்கினான். தகவல் கிடைத்தது, கப்பல் கிளம்பிவிட்டது என்று கண்காணிப்பு அறையில் எனக்குச் சொன்னார்கள். அழுத பெண்டாட்டியை அதட்டிவிட்டுச் சோறு கூடத் தின்றேன்.

படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சிவப்பு விளக்கு மினுக்கினால் அனுப்பியாச்சு என்று அர்த்தம். கேட்டாச்சு என்று அர்த்தமில்லை. அமுக்கி அமுக்கிப் பார்த்து, பெட்டி செத்துப்போச்சு என்று முடிவுகட்டி, ஆளுக்கொரு டீசல் கேனைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார்கள். கப்பல் வந்தபோது படகு மிதந்தது, ஆள் இல்லை. அலைக்குள் தேடித் தேடி ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மச்சான்தான் கடைசி. ஆஸ்பத்திரியில் உதடெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தான். நல்லவேளை கப்பல் வந்தது என்றேன்.

"கப்பல் கிளம்புனது உனக்குத் தெரியும் மாமா. எங்களுக்கு யாரு சொன்னா?"

மஞ்சக்குப்பத்தில் பேரம்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மீன்துறை அதிகாரி முன்னால் போய் நின்றேன். பேரத்தில் எவனிடமும் தோற்றவனில்லை. கரையில் கேட்டதும் எரிகிற மாதிரி ஒரே ஒரு பச்சை விளக்கு போதும் என்றேன். எல்லை தாண்டுகிறவனை மேலேயிருந்து பார்க்க முடிகிறதே, மூழ்குகிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று மேஜையைத் தட்டினேன். அவர் கோபப்படவே இல்லை, எனக்கு டீ வேறு சொன்னார். அதில்தான் எனக்குப் பயம் ஜாஸ்தியானது.

"சேட்டிலைட்டு பாக்குறதுக்குத்தான்யா வெச்சிருக்கு, பதில் சொல்றதுக்கு இல்ல."

மச்சான் நாளைக்கும் அதே பெட்டியோடுதான் போகிறான், அதனால் பெயர் தெரியாத ஐயா, ஜென்மத்தில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் கேட்கிறேன்: அந்தப் பச்சை விளக்கை வைத்துக் கொடுங்கள்.