மாமாவுக்குக் கொண்டுபோன சாப்பாடு

மாமாவை எரித்த மறுநாள், அவர் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியில் கொரோனாவால் இதுவரை ஒருவர்கூட இறக்கவில்லை என்று உள்ளூர் கேபிள் டிவியில் சொன்னார்கள். சொன்னவர் அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர். எங்கேயோ மேகத்துக்கும் மழைக்கும் பொறுப்பானவர் போல நிதானமாகப் பேசினார். மக்கள் வீணாகப் பயப்படக் கூடாதாம். வதந்திகளை நம்பக் கூடாதாம். எங்கள் மாமாவின் சாம்பல் அப்போது சூடு ஆறியிருக்குமா என்பதே சந்தேகம்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் செல்போனுக்குள் நடந்த காலம். இலஞ்சியில் ஒரே வளவுக்குள் எங்கள் வீடும் அத்தை வீடும் எதிரெதிராக இருந்தன. அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மாமா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருந்தார். சீசனில் மங்குஸ்தான் வாங்க வருகிறவர்களிடம், பழத்தை உடைக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிப் பந்தயம் கட்டுவார். பழத்தின் அடியில் பூப்போல ஒரு அடையாளம் இருக்கும், அதன் இதழ்களை எண்ணினால் போதும் என்று எனக்கு மட்டும் ரகசியம் சொல்லியிருந்தார். அந்த வருடம் அருவியில் குளிக்கத் தடை. கடை திறக்கவேயில்லை. வீட்டில் இருந்தவருக்குத்தான் காய்ச்சல் வந்தது.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஆம்புலன்ஸ் வந்து தென்காசிக்குக் கொண்டுபோனது. கவச உடை போட்டவர்கள் அவரை ஏற்றும்போது, "ஏட்டி, கடைச் சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்கு" என்று அத்தையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். நாங்கள் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். பிறகு போனில் இருமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

இறந்த செய்தி வந்ததும் அப்பாவும் அத்தையும் போனார்கள். உடலை வீட்டுக்குத் தர மாட்டோம் என்றார்கள். தொற்று. தொடக் கூடாது என்றார்கள். தொற்று. முகத்தையாவது ஒருதடவை காட்டுங்கள் என்று அத்தை கேட்டதற்கும் அதே பதில். கறுப்புப் பையில் சுற்றி, வாயைக் கட்டி, நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அத்தையின் மகன் பட்டாளத்தில் இருந்தான். வடக்கே எங்கேயோ பனிக்குள் நின்றுகொண்டு வீடியோ காலில் பார்த்தான். பாதியில் சிக்னல் போய்விட்டது. வாய்க்கரிசிக்கென்று முந்தானையில் முடிந்து கொண்டுபோன அரிசியை அத்தை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். அவர்கள் வருவதற்குள் ஆட்கள் வந்து வளவு முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

இவ்வளவும் நடந்த மறுநாள் காலையில்தான் டிவியில் அந்தச் செய்தி. அப்பா மாடியில் தனியாகப் படுத்திருந்தார். அத்தை எங்கள் வீட்டுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டியாட்டி? ஒருத்தரும் சாகலையாம்" என்றாள் அம்மாவிடம்.

"அதை அணைச்சிருதேன் மதினி."

"அணைக்காத. திரும்பப் போடுவான்."

திரும்பப் போட்டார்கள். அத்தை முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பிறகு எழுந்து எதிரே தன் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சொந்தக்காரர்கள்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். அந்த நாட்களில் யாரும் வரவில்லை என்பது வேறு கதை. அம்மா பதறிப்போய் ஓடினாள்.

"மதினி, அடுப்பு பத்த வைக்கக் கூடாதுல்லா."

"ஏன், யாரு செத்தா? டாக்டரே சொல்லுதாரு, ஒருத்தரும் சாகலைன்னு. இருக்க மனுசனுக்குப் பசிக்கும்லா?"

அத்தை தேங்காய் துருவிப் பால் எடுத்து சொதி வைத்தாள். இஞ்சித் துவையல் அரைத்தாள். இரண்டும் மாமாவுக்கு உயிர். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவள் நினைத்தாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்பிவிட்டது. முகத்தை யாருமே பார்க்கவில்லையே. பைக்குள் இருந்தது வேறு யாராகவோ இருக்கலாம். பெரிய டாக்டர் டிவியில் வந்து பொய் சொல்வாரா? மாமா உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு இருமிக்கொண்டிருக்கிறார், ஆள் மாறிப்போய்விட்டது, அத்தை அதைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். "நானும் வாரேன் அத்தை" என்றேன். அம்மா தடுப்பதற்குள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன்.

தென்காசிக்குள் நுழையும் இடத்தில் போலீஸ் மறித்தது.

"எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரியில வீட்டுக்காரவுகளுக்குச் சோறு கொண்டு போறேன்."

அத்தை தடுமாறாமல் சொன்னாள். விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் பந்தல் போட்டு ஒரு மேசை வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் பெயரும் பெட் நம்பரும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. யாரும் யாரோடும் பேசவில்லை. எங்கள் முறை வந்ததும் அத்தை மாமாவின் பெயரையும் பெட் நம்பரையும் சொன்னாள். மேசையில் இருந்த பெண்ணை நான் அக்கா என்று கூப்பிடலாம், அவ்வளவு வயதுதான் இருக்கும். தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இவங்க நேத்தே..."

"நேத்தே? சொல்லு தாயி, நேத்தே என்ன?"

"தவறிட்டாங்கல்லாம்மா."

"எதுல தவறுனாவ?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கொரோனா வார்டுலதான போட்டீங்க? உங்க பெரிய டாக்டரு, கொரோனாவுல ஒருத்தரும் சாகலைன்னு டிவியில சொல்லுதாரு. அப்ப அவிய உள்ளதான இருக்கணும்? இந்தா, சொதியும் சோறும். ஆறிரப் போவுது. கொண்டு குடு."

அந்தப் பெண் தூக்குச்சட்டியைத் தொடாமல் உள்ளே போய் ஒருவரை அழைத்துவந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய மேனேஜர். நன்றாகப் படித்தவர், மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

"அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா உங்க வீட்டுக்காரருக்குக் கடைசியா எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். அவருக்கு சுகர் இருந்திருக்கு. அது கொரோனா இறப்புக் கணக்குல வராது."

"சுகருக்கா செத்தாவ?"

"அப்படித்தாம்மா எழுதியிருக்கு."

அத்தை தலையை ஆட்டினாள். புடவையை இழுத்து இடுப்பில் செருகினாள். அதன் பிறகு அவள் பேசியது சாலைக்கு அந்தப்புறம் வரை கேட்டிருக்கும்.

"சுகருக்குச் செத்த மனுசன் மூஞ்சிய எனக்கு எதுக்குய்யா காட்டல? சுகர் தொத்துமா? வாய்க்கரிசி போட்டா எனக்கும் சுகர் ஒட்டிக்கிடுமா? நாங்க அவிய கூட ஒரே தட்டுல தின்னு, ஒரே வீட்டுல படுத்து இத்தன வருசம் இருந்தோமே, அப்ப ஒட்டாத சுகரா செத்த பொறவு ஒட்டும்? எங்க வளவு பூரா பவுடரத் தூவிட்டுப் போனானுவளே, சுகருக்கா தூவுனானுவ? எரிக்கும்போது கொரோனா, எழுதும்போது சுகரா?"

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "எங்க வீட்டு அம்மாவுக்கு நிமோனியான்னு எழுதிக் குடுத்தாங்க. அவளையும் பையிலதான் தந்தாங்க" என்றார். அவருடைய மகள் இன்னும் உள்ளே இருந்தாள்; அவளுக்குத்தான் அவர் கஞ்சி கொண்டுவந்திருந்தார். செங்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் தன் அண்ணனுக்கு மாரடைப்பு என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். அதுவரை ஊமையாக நின்ற வரிசை முழுவதும் பேசத் தொடங்கிவிட்டது. சுகர், பிரஷர், கிட்னி, மாரடைப்பு என்று, வீட்டிலும் தெருவிலும் செத்தவர்களுக்கு எழுதிய வியாதியை ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் பையில்தான் வந்திருந்தார்கள்.

போலீஸ் வந்தது. கூட்டம் கூடக் கூடாது, வதந்தி பரப்பினால் கேஸ் போடுவோம் என்றார் அதிகாரி.

"போடுங்க சார். என் புருசன் செத்தது வதந்தின்னு எழுதிப் போடுங்க" என்றாள் அத்தை.

அவர் என்னைப் பார்த்தார். "அக்கா, சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. வீட்டுக்குப் போங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னார். அத்தை தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டருக்கு வந்தாள்.

சுகர் என்று எழுதியதை அவர்கள் மாற்றவில்லை. அப்பா பலமுறை அலைந்தார். பட்டாளத்திலிருந்து வந்த மகனும் அலைந்தான். டெஸ்ட் நெகட்டிவ் என்ற ஒரே பதிலைத்தான் ஒவ்வொரு மேசையிலும் சொன்னார்கள். நுரையீரல் பழுதாகிக் கிடந்ததைக் காட்டிய ஸ்கேன் படத்தை யாரும் வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் மட்டும் அதற்குப் பிறகு டிவியில் வந்து யாரும் சாகவில்லை என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். தடுப்பூசியைப் பற்றிப் பேசினார். கைகழுவுவதைப் பற்றிப் பேசினார். இன்றைக்கும் யாராவது அந்தக் காலத்துச் சாவுக் கணக்கைச் சொல்லி, நம் பக்கம் அவ்வளவு மோசமில்லை என்று பேசும்போது என் வயிறு எரியும். அந்தப் பந்தலுக்குக் கீழே நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று திரும்பி வரும்போது, இலஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால் வயலோரத்தில் அத்தை ஸ்கூட்டரை நிறுத்தினாள். இறங்கி, வரப்பைப் பார்த்து உட்கார்ந்து, நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். செய்தி வந்ததிலிருந்து அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒப்பாரி என்று தெரிந்ததும் ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

நான் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டேன். "அழாதீங்க அத்தை. மாமா உள்ளதான் இருக்காவ. இந்த மேனேஜர் சரியில்ல. நாளைக்கு வேற ஆளு இருப்பாங்க, கேட்டா விட்டுருவாங்க" என்றேன்.

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முன்பைவிடப் பெரிதாகக் கதறினாள். பெரியவர்களுக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மாமாவின் சாவைக் கேட்டு வாங்கத்தான் அவள் தென்காசி வரை போனாள் என்பது, அந்த மடியில் கிடந்தபோது எனக்குத் தெரியவில்லை.