காந்தப்புலம் இல்லாத இடத்தில்

வேலுச்சாமி இறந்த செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது காளவாசல் சிக்னலில் ஆட்டோவுக்குள் இருந்தேன். கீழே கும்பிடும் கைகள் வரிசை கட்டின. முதல் கும்பிடு பாடநூல் குழுத் தலைவருடையது. பார்த்ததும் போனை அணைத்துவிட்டேன். ஏன் என்று வேலுச்சாமியோடு பழகியவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இயற்பியல் துறையில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருநாள் பழங்காநத்தத்தில் தர்பூசணி வாங்கப் போனோம். பழத்தின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, துளியும் திருகாமல் காம்பிலிருந்து நடுவயிறு வரை இறக்கி, பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி காம்புக்கே ஏற்றினார். குச்சி வேறு திசையைப் பார்த்தது.

“நீங்க திருப்பவே இல்லையேண்ணே, பின்ன எப்படித் திரும்புச்சு?” என்றார் கடைக்காரர்.

“பழம் வளைஞ்சிருக்குல்ல மாப்ள, அதான்.”

எலக்ட்ரானுக்கும் அப்படித்தான் என்பார். நீண்ட கம்பிச்சுருளுக்குள் காந்தப்புலம் அடைபட்டிருக்கிறது. வெளியே துளியும் இல்லை. ஆனாலும் சுருளின் இருபுறமும் பிரிந்து போகும் எலக்ட்ரான் அலைகள், புலத்தைத் தொடாமலே, தங்களுக்குள் ஏற்ற இறக்கத்தின் கட்டம் மாறி வந்து சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த வடிவியல்தான் அவருடைய உயிர். அந்த வடிவியலைச் சொல்லும் கேஜ் (gauge) புலத்துக்கு ‘அளவிப் புலம்’ என்று தமிழில் பெயர் வைத்ததும் அவரே.

தமிழ்வழிப் பாடநூலுக்கு இதை எழுதிக் கொடுத்தார். “நம்ம பிள்ளைகளுக்கு இம்புட்டு எதுக்குண்ணே?” என்றார் தலைவர்.

“இங்கிலீஷ்ல படிக்கிறவனுக்கு ஒரு எலக்ட்ரான், தமிழ்ல படிக்கிறவனுக்கு ஒரு எலக்ட்ரானா?”

தலைவர் சிரித்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார். புத்தகம் வந்தபோது அந்தப் பத்தியைக் காணோம். அந்த இடத்தில், ‘காந்தப்புலம் இல்லாத இடத்தில் எலக்ட்ரானுக்கு எந்த விளைவும் இல்லை’ என்றிருந்தது. பாடத்துக்குக் கீழே வேலுச்சாமியின் பெயர்.

“என் பேரைப் போட்டு என்னையவே பொய் சொல்ல வச்சுட்டாய்ங்க” என்றார். திருத்தச் சொல்லி நடையாய் நடந்தார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; வரி அப்படியே இருக்கிறது.

இரங்கல் கூட்டத்து பிளெக்ஸில் ‘அளவிப் புலத் தலைவர்’ என்று போட்டிருந்தார்கள். புலம் என்றதும் ஏதோ பல்கலைக்கழகப் பிரிவு என்று நினைத்துவிட்டார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் துறைத்தலைவர் பதவிகூடக் கொடுக்கவில்லை, செத்ததும் இல்லாத புலத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள். குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வேலுச்சாமி அண்ணனின் பொன்னான வரி” என்று வாசித்தார். அதே வரி.

எழுந்தேன். “அது அவர் எழுதினது இல்ல. தப்பு. நீங்க எழுதினது.”

“துக்கத்துல வந்து எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார். சபையும் என்னைத்தான் முறைத்தது. அருவருப்பாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

வேலுச்சாமியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோபம் ஒன்றுதான். இப்போது அந்தப் பாடம் வந்தால் முதலில் வரியை அடிக்கச் சொல்கிறேன். போன வாரம் ஒரு மாணவி எழுந்து, “பரீட்சையில எதை மேடம் எழுத?” என்றாள். வேலுச்சாமி எழுதியதைச் சொன்னேன். அதை எழுதினால் மார்க் போகும் என்றும் சொன்னேன்.

பேனாவை எடுத்து, வரியை அடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.