ஈரம் போதாத பல்

என் அண்ணிக்கு ஈரம் என்றாலே ஆகாது. கழுவிய தட்டைத் துடைக்காமல் அடுக்கமாட்டார். குளியலறைத் தரையைக்கூட விட்டுவைக்கமாட்டார். பல் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்ததும் கைக்குக் கிடைத்தது பல்லை ஊதிக் காயவைக்கும் காற்றுக் குழாய். கேட்கவா வேண்டும்!

அண்ணன் இறந்த அன்றும் அவர் எங்கள் முன்னால் அழவில்லை. "நெஞ்சுல ஈரமே இல்லாதவ" என்று பெரியம்மா வாய் கூசாமல் சொன்னார். அண்ணியின் காதிலும் விழுந்தது. ஆனால் இன்றுவரை என்னோடு இருந்து என்னைப் பார்த்துக்கொள்வது அண்ணிதான். பெரியம்மா எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் துணிக்கடையில் விற்பனையில் நிற்பவள். முன்பல்லில் பாதி உடைந்துபோக, அண்ணியின் மருத்துவமனையிலேயே அடைத்துக்கொண்டேன். விழுந்தது. மறுபடி அடைத்தார்கள், மறுபடியும் விழுந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு துணி காட்டினால் எந்த முதலாளி பொறுப்பார்? "பல்லைச் சரி பண்ணிட்டு வா, இல்லன்னா கிடங்குக்குப் போயிடு" என்றுவிட்டார்.

அடுத்த முறை டாக்டரம்மா அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு காய வைக்காதீங்கம்மா. அமிலம் தடவினதும் எனாமலுக்கு அடியில டென்டின்ல சின்னச் சின்ன நார் எழுந்து நிக்கும். காஞ்சா படுத்துடும், பசை உள்ள இறங்காது. உங்ககிட்ட ஈரமே இல்லையே!"

அவர் சொன்னது பல்லை. அண்ணிக்குக் கேட்டது பெரியம்மாவின் குரல். முகம் செத்துப்போயிற்று.

அதிலிருந்து கை தடுமாறியது. ஒருவர் பல்லைக் குளமாக விட்டார், அடுத்தவர் பல்லைச் சருகாக்கினார். என் அடைப்பும் நிற்கவில்லை. டாக்டரம்மா அவரை வரவேற்பு மேசைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். "இதுவும் எனக்கு வரல பாத்தியா" என்று அண்ணி வீட்டில் என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் டாக்டரம்மா அன்னாசிப்பழத்திலிருந்து எடுத்த ஒரு என்சைமை வாங்கி வந்தார். பிடுங்கிய பற்களில் செய்து பார்த்துவிட்டு என்னை நாற்காலியில் சாய்த்தார். பல்லில் அதைத் தடவிக் கழுவிவிட்டு, "நீங்களே வாங்க" என்று அண்ணியை அழைத்தார்.

"எவ்வளவு ஈரம் விடணும் டாக்டர்?" காற்றுக் குழாயை எடுக்காமலே கேட்டார் அண்ணி.

"அந்தக் கவலையே வேண்டாம்மா. நாரை எல்லாம் இது தின்னுடுச்சு. படுக்கறதுக்கு இனி என்ன இருக்கு? பசை நேரா பல்லுலயே பிடிச்சுக்கும். உங்க இஷ்டத்துக்கு ஊதுங்க."

அந்த அடைப்பு இன்னும் அப்படியே நிற்கிறது. கடையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். ஆனால் அன்று அண்ணி என்மேல் குனிந்து ஊதும்போது என் கன்னத்தில் ஏதோ சொட்டியது. வாய் திறந்திருந்ததால் என்னவென்று கேட்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் நிறைந்திருந்தது.

"ஆடாத" என்று அதட்டினார். பிறகு காற்றுக் குழாயைத் திருப்பி, என் கன்னத்தையும் ஊதிக் காயவைத்தார்.