ரெண்டு சாமியும் ஒண்ணாத் தெரிகிற இடம்

சிதம்பரம் கோயிலுக்குள் கூட்டம் நெரிகிறது. தீபாராதனை முடிந்து திரும்பினால் என் சம்சாரத்தைக் காணோம். யுத்தம் வந்ததிலிருந்து ரயில் குறைச்சல். சாயங்கால வண்டியை விட்டால் கடலூருக்கு நாளைக்குத்தான். நாலு கோபுர வாசலுக்கும் ஓடிப் பார்க்கிறேன்.

பூக்கட்டுகிற அம்மாள் சிரிக்கிறாள். "ஏன் மாமா வாசல் வாசலா ஓடுறீங்க? நடராஜரும் பெருமாளும் ஒண்ணாத் தெரியுற எடத்துல போயி நில்லுங்க. கூட்டத்துல பிரிஞ்சவுங்க அங்கதான் வந்து சேருவாங்க."

போகிறேன். அவள் அங்கேதான் நிற்கிறாள்! கத்த வாயெடுக்கிறேன்.

"அப்புறம் திட்டலாம். மொதல்ல சாமியப் பாருங்க," என்கிறாள்.

நேரே ஒருத்தர் ஆடுகிறார். இடப்பக்கம் ஒருத்தர் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். அப்படியே நின்றுவிடுகிறேன். ரயிலுக்கு நேரமாச்சென்று இப்போது அவள்தான் என் துண்டைப் பிடித்து இழுக்கிறாள்.