மூடியில் இருந்த ஓட்டை

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பாகூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. மறுநாள் காலை சுற்றுவட்டாரப் பள்ளி மாணவிகளுக்கான கோ-கோ போட்டி, முதல்முறையாக எங்கள் மைதானத்தில் நடக்கவிருந்தது. மழைக்குப் பிறகு யாரும் கை வைக்காததால் புல் கணுக்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது. பிள்ளைகள் வெறுங்காலோடு ஓட வேண்டிய இடம், பூச்சி பொட்டு பயம் வேறு.

எங்களிடம் நான்கு சக்கரம் வைத்துத் தள்ளுகிற, பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டுபவர் பள்ளியில் தினக்கூலிக்குத் தோட்ட வேலை பார்க்கும் ஓர் அண்ணன். அன்றைக்குக் காலையில் கயிற்றை இழுத்ததும் மெஷின் நன்றாகத்தான் கிளம்பியது. பத்து நிமிடம் ஓடும். பிறகு சத்தம் ஏறி இறங்கும், திக்கும், திணறும், நின்றுவிடும். அதன் பிறகு கை கழன்று போகும் அளவுக்குக் கயிற்றை இழுத்தாலும் அசையாது.

அண்ணன் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஏர் ஃபில்டரைக் கழுவிக் காய வைத்தார். பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். ஒவ்வொரு முறையும் கிளம்பும், பத்து நிமிடத்தில் படுத்துக்கொள்ளும். நடுவில் என்னிடம் வந்து, "மூடியத் தொறந்து பெட்ரோல் இருக்குதான்னு பாத்துட்டு இழுத்தா மட்டும் புடிக்குது டீச்சர், இன்னான்னே தெர்ல" என்றார். மூடியைத் திறந்து மூடினால் ஓடுவதற்கு இது என்ன மந்திரப் பெட்டியா என்று நான் எரிந்து விழுந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும். மணி ஒன்றானது, கால்வாசி மைதானம்கூட முடியவில்லை. இத்தனை பேரை அழைத்துவிட்டு அசிங்கப்படப் போகிறோமே என்ற பதற்றத்தில் என் புத்தி தப்பான பக்கம் ஓடியது. பங்க்கில் இருந்து கேனில் பெட்ரோல் வாங்கி வருபவர் அவர். அதில் பாதியைத் தன் மொபெட்டுக்கு ஊற்றிக்கொண்டு, கேனில் எதையோ கலந்து நிரப்பியிருப்பார் என்று முடிவு கட்டினேன். நினைத்ததோடு விட்டேனா? தலைமை ஆசிரியர், இரண்டு டீச்சர்கள், கோடு போட வந்த மாணவிகள் எல்லாரையும் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். "சாயங்காலத்துக்குள்ள இது ஓடலன்னா இவரை நாளையில இருந்து வர வேணாம்னு சொல்லிடுங்க சார்" என்றும் சேர்த்துக்கொண்டேன். தலைமை ஆசிரியரும் தலையாட்டிவிட்டார். அண்ணன் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய், கேன் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம்தான் கடற்கரை ஊரான மணப்பட்டில் இருந்து மொபெட்டில் மீன் கொண்டு வரும் அம்மா வந்தார். வெள்ளிக்கிழமைகளில் டீச்சர்கள் சிலர் சொல்லி வைத்து வாங்குவோம். என் வயதுதான் இருக்கும். சங்கரா மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே, "இன்னா டீச்சர், மூஞ்சி இப்பிடிக் கீது?" என்றார். நான் மெஷினைக் காட்டினேன். அண்ணனைப் பற்றிச் சொன்னதையும் இவரிடம் ஒருமுறை சொன்னேன், வெட்கமில்லாமல்.

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "அண்ணே, இன்னொரு தபா ஓட்டுங்க, கேப்போம்" என்றார். மெஷின் கிளம்பியது. கையைத் துடைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றார். வழக்கம்போலத் திக்கித் திணறி நின்றது. எல்லாரும் பிளக்கைப் பார்க்க, இவர் குனிந்து பெட்ரோல் டேங்க் மூடியை மெல்லத் திருகினார். புஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. மூடியை மறுபடி மூடிவிட்டு அண்ணனை இழுக்கச் சொன்னார். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"கோளாறு மிஷின்ல இல்ல, பெட்ரோல்லயும் இல்ல. இது மூச்சு முட்டி நிக்கிது. பெட்ரோல் கீழ எறங்கணும்னா மேல இருந்து காத்து உள்ள போவணும் இல்ல? எங்க மீன் புடிக்கிற போட்டு டேங்க் மூடிலகூட அதுக்குன்னே ஒரு திருகு இருக்கும். கடலுக்குக் கெளம்ப சொல்லோ அதத் தளத்திவுட்டுதான் போவாங்க." இவ்வளவுதான் சொன்னார். பிறகு மெஷினை நிறுத்தச் சொல்லி, மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துக் கட்டைவிரலால் தடவினார். "தோ, இங்க கீற ஓட்டைய யாரோ அடச்சி வெச்சிருக்காங்க."

அந்த யாரோ நான்தான்.

அதற்கு முந்தைய ஐப்பசி அடைமழையில் விளையாட்டு அறைக் கூரை ஒழுகியது. குழாய் ஒழுகினால் பிசைந்து அடைப்பார்களே, அந்தக் கறுப்புப் பசையை வாங்கி வந்து, கூரை விரிசல், ஜன்னல் சந்தெல்லாம் என் கையாலேயே அடைத்தேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது. அங்கே நிறுத்தியிருந்த மெஷினின் டேங்க் மூடியில் குண்டூசி அளவு ஓட்டை கண்ணில் பட்டது. பெட்ரோலில் மழைத்தண்ணீர் இறங்கிவிடுமே என்று அதையும் அடைத்தேன். எவ்வளவு பொறுப்பு பாருங்கள் எனக்கு! மூடியும் கறுப்பு, பசையும் கறுப்பு. அடைத்ததை அன்றைக்கே மறந்தும் போனேன்.

மீன்காரம்மா கத்தி முனையால் பசையைச் சுரண்டி எடுத்தார். புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையில் விட்டு ஆட்டினார். தலைமை ஆசிரியர், "யாரு அடைச்சது?" என்று கேட்டுவிட்டு அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் தெரியாது என்று தலையை ஆட்டினார். மீன்காரம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மூடியைத் துடைத்துக்கொண்டே பொதுவாகச் சொன்னார்:

"நல்லதுன்னு நெனச்சிதான் அடச்சிருப்பாங்க சார். நான்கூட ஒரு தபா, பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு, வூட்ல கொண்டாந்து வெச்ச போட்டு டேங்க் திருகை இறுக்கி வுட்டுட்டேன். எங்க வூட்டுக்காரரு போட்டு நடுக்கடல்ல நின்னுபோயி, அடுத்த போட்டுல கயிறு கட்டி இஸ்துகினு வந்தாங்க. அவுரு என்ஜின் பாக்குற ஆளைத் திட்டிகினே எறங்குனாரு. நான்தான் பண்ணேன்னு அங்கியே சொல்லிட்டேன். சொல்லலன்னா எனக்கு சோறு எறங்கியிருக்காது."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. யாரை வைத்துக்கொண்டு பழி சொன்னேனோ, அவர்கள் எல்லாரும் இருக்கும்போதே, "நான்தான் அடைச்சேன் சார். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லை. என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். மாணவிகள் முன்னால் அழக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. மீன்காரம்மா எதுவும் நடக்காதது மாதிரி, "டீச்சர், சங்கராவைக் கழுவிக் குடுக்கவா, அப்படியே எடுத்துக்கிறீங்களா?" என்றார்.

அண்ணன் மூடியைத் திருகி மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தார். பிறகு மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. பொழுது சாயும் நேரத்துக்கு மொத்த மைதானமும் மழித்துவிட்ட தலை மாதிரி இருந்தது. மெஷினைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு கேட் அருகே என்னிடம் வந்தார். ஏதாவது நாலு வார்த்தை கேட்பார், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

"நாளைக்கு வரலாமா டீச்சர்?" என்றார்.

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். மத்தியானம் நான் சொன்ன 'வர வேணாம்' என்ற வார்த்தையை மன்னிப்பு கேட்டதிலேயே துடைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவருக்கு அது இன்னும் அப்படியே இருந்திருக்கிறது. "நீங்க வராம எப்படிண்ணே" என்றேன். மறுநாள் போட்டி நல்லபடியாக நடந்தது, கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டது அவர்தான்.

அந்த மீன்காரம்மாவை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. காதால் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்தாரே, அதைவிட, கண்டுபிடித்தபின் என் பெயரைச் சொல்லாமல் நானே சொல்வதற்கு இடம் விட்டாரே, அந்தப் பக்குவம்தான் பெரிது. இப்போதும் யார் மேலாவது சுள்ளென்று கோபம் வந்தால், அவர்களைக் கேட்பதற்கு முன்னால் நான் எதையாவது அடைத்து வைத்தேனா என்றுதான் முதலில் யோசிக்கிறேன், அப்படியும் "நாளைக்கு வரலாமா டீச்சர்?" என்ற அந்தக் குரல் மட்டும் காதை விட்டுப் போகவே இல்லை.